எளிய கருவியும் புதிய இசையும்

பொருளில்லாதான் கலைஞனாதல் எவ்வாறு என்னும் வினா மிகப் பழையது. பாடுவோனுக்கு மிடறு இயற்கையின் கொடை. நரம்புக் கருவியும் துளைக் கருவியும் தோற் கருவியும் அவ்வாறல்ல. அவை விலை கொடுத்துப் பெற வேண்டியவை. வசதியுள்ள வீட்டில் ஆற்றலில்லாத பிள்ளையும், வசதியில்லாத வீட்டில் ஆற்றலுள்ள பிள்ளையும் இருத்தலை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் ஆண்டுதோறும் காண்கின்றனர். கருவியின் விலை குறைந்தால் இந்நிலை மாறுமா? மலிவான கருவி கலையை வளர்க்குமா, அன்றி மலிவான கலையைத்தான் தருமா?

இவ்வினாவிற்கு அண்மைக் கால வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1980களிலே தோன்றி, இன்று உலகெங்கும் ஆடரங்குகளில் ஒலிக்கும் ‘ஹவுஸ்’ இசையின் பிறப்பே அவ்விடை. நம் வாசகருட் சிலர் அதனை இசையென்று ஒப்புக்கொள்ளத் தயங்குவர் என்பதை நாம் அறிவோம். ஒப்பினும் ஒப்பாவிடினும், ஒரு கலை எவ்வாறு பிறக்கின்றது என்பதனைக் கண்முன்னே காட்டும் வரலாறு இதுபோல் எளிதிற் கிடைப்பதன்று. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்கின்றோம்.

1977ஆம் ஆண்டில் சிக்காகோவிலே ‘வெயர்ஹவுஸ்’ என்னும் ஆடரங்கு திறக்கப்பட்டது. இசைத்தட்டுகளைத் தேர்ந்து, ஒன்றன் முடிவோடு மற்றொன்றன் தொடக்கத்தை இணைத்து, இரவெல்லாம் இடையறாது ஒலிக்கச் செய்யும் இசைத்தட்டாளராக நியூயோர்க்கிலிருந்து பிராங்கி நக்கிள்ஸ் அங்கு வந்து அமர்ந்தார். அங்கே ஆடவந்தோர் பெரும்பாலும் கறுப்பின இளைஞரும் இலத்தீன் அமெரிக்க இளைஞருமாவர். அவர்களுள்ளும் பிற இடங்களில் வரவேற்புப் பெறாத தன்பாலீர்ப்பினர் பலர். ‘வெயர்ஹவுஸில் ஒலிக்கும் இசை’ என்பதே சுருங்கி ‘ஹவுஸ்’ என்றாயிற்று என்பது பெரும்பாலோர் கொள்ளும் பெயர்க்காரணம்.

அக்காலத்தில் அவ்வரங்குகளுக்கு உணவாயிருந்தது டிஸ்கோ இசை. அவ்வுணவு திடீரெனக் குறைந்தது. 1979ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள், சிக்காகோவின் கொமிஸ்கி விளையாட்டரங்கில், பல்லாயிரவர் கூடிய கூட்டத்தின் நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அன்று அவ்வரங்கில் இருக்கை காட்டும் வேலை பார்த்த வின்ஸ் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், டிஸ்கோவோடு தொடர்பில்லாத கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டுகளும் அக்குவியலில் இருந்ததைத் தாம் கண்டதாகப் பின்னாளிற் கூறியுள்ளார். பெரிய இசைத்தட்டுக் கொம்பனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடுவோர் இருந்தனர், ஆடரங்கு இருந்தது, ஆடுதற்குரிய புதிய இசைத்தட்டுகளே அருகின. கிடைக்காத பொருளைத் தாமே ஆக்கிக்கொள்ளும் நிலைக்குச் சிக்காகோவின் இசைத்தட்டாளர் தள்ளப்பட்டனர்.

ஆக்குவது எவ்வாறு? டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றை உருவாக்க வயலின் வாசிப்போர், குழலூதுவோர், மேளகாரர், இவர்கள் அனைவரையும் கொள்ளும் ஒலிப்பதிவுக்கூடம், அதன் மணிக்கணக்கான வாடகை என்பன வேண்டியிருந்தன. கூலி வேலை பார்க்கும் இளைஞனுக்கு இவை எட்டாக் கனி. எட்டச் செய்தவை யப்பானிலிருந்து வந்த சில சிறு பெட்டிகள்.

அப்பெட்டிகளைச் செய்த றோலண்ட் நிறுவனத்தை 1972இல் ஒசாக்கா நகரில் நிறுவியவர் இக்குதாரோ ககெஹாஷி. இளமையிற் பெற்றோரை இழந்து, கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து இசைக்கருவித் தொழிலுக்கு வந்தவர் அவர். 1980இல் அவருடைய நிறுவனம் ‘ரி. ஆர். 808’ என்னும் தாளப்பொறியை 1,195 டொலர் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘லின்’ தாளப்பொறியின் விலை ஏறத்தாழ 5,000 டொலர். இவ்வேறுபாட்டின் காரணம் கருதத்தக்கது. லின் பொறி உண்மையான மேளங்களின் ஒலியைப் பதிந்து நினைவுச் சில்லுகளில் வைத்திருந்தது. அக்காலத்தில் அச்சில்லுகளின் விலை மிக அதிகம். றோலண்ட் பொறியோ பதிந்த ஒலி எதனையும் கொண்டிருக்கவில்லை. மின்சுற்றுகளின் அதிர்விலிருந்தே முரசொலி போன்ற ஒன்றையும் கைதட்டொலி போன்ற ஒன்றையும் அது பிறப்பித்தது. ‘போன்ற’ என்னும் சொல்லே ஈண்டு முக்கியமானது. அது மேளத்தின் ஒலியை ஒத்திருக்கவில்லை என்று தொழில்முறை இசைஞர் பலர் குறை கூறினர். ஏறத்தாழ 12,000 பொறிகளோடு 1983இல் அதன் உற்பத்தி நின்றது.

அதனினும் பெருந்தோல்வி கண்டது ‘ரி. பி. 303’ என்னும் சிறு பெட்டி. தனித்துப் பாடுவோனுக்குப் பின்னணியாகப் பேஸ் கிற்றாரின் அடித்தொனியைத் தருவதற்கெனத் ததாவோ கிக்குமோட்டோ என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். விலை 395 டொலர். கிற்றாரின் ஒலியை அது சிறிதும் ஒத்திருக்கவில்லை. சுரங்களை அதனுள் ஏற்றும் முறையோ வாங்கியோரைத் திணறவைத்தது. ஏறத்தாழப் பதினாயிரம் பெட்டிகளோடு 1984இல் அதுவும் நின்றது. இதற்கிடையில் 1983இல் யமஹா நிறுவனத்தின் ‘டீ. எக்ஸ். 7’ என்னும் இலக்கமுறைக் கருவி வெளிவர, வசதியுடையோர் அனைவரும் அதன் பின்னே சென்றனர். பழைய மின்சுற்றுக் கருவிகள் அடகுக் கடைகளுக்கும் பழம்பொருட் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. வாங்கியோர் வேண்டாவென்று தள்ளியவற்றை, வாங்க இயலாதிருந்தோர் அங்கே கண்டெடுத்தனர்.

இவை இலவசமாகக் கிடைத்தன என்று எவரும் எண்ணலாகாது. உழைப்பாளி ஒருவனுக்கு அவ்விலையும் பல நாட் கூலி. ஆதலினாலேயே ஒரு பொறி பலர் கைகளில் வலம் வந்தது. 808இற்குப் பின் வந்த ‘ரி. ஆர். 909’ பொறி ஒன்று, டிட்ரோயிற் நகரத்து டெரிக் மே என்பாரிடமிருந்து பிராங்கி நக்கிள்சின் கைக்கு வந்து, அவர்தம் ஆடரங்கில் இசைத்தட்டுகளோடு சேர்ந்தொலித்தது. மலிவும் பகிர்வும் சேர்ந்தே அவ்விளைஞரின் பள்ளிக்கூடமாயின.

இனி, கருவி அவ்விசையின் இயல்பினை எவ்வாறு வகுத்தது என்பதனை நோக்குவோம். 808 பொறியின் முகப்பில் பதினாறு பொத்தான்கள் ஒரே நிரையில் உள்ளன. ஒரு தாளவட்டத்தின் பதினாறு கூறுகளை அவை குறிக்கும். 1, 5, 9, 13 என்னும் பொத்தான்களிற் பெருமுரசை அமைத்தால் நான்கு அடிகளும் சமமாக விழும். 5, 13 என்பவற்றிற் கைதட்டொலியையும், 3, 7, 11, 15 என்பவற்றில் உலோகத் தாளத்தின் ஒலியையும் இட்டால் ஆடரங்கு அசையத் தொடங்கும். இத்தனையும் செய்வதற்கு விரல் வேகமோ பல்லாண்டுப் பயிற்சியோ வேண்டியதில்லை. தாளத்தைக் காதினாற் கேட்பதோடு, எரியும் விளக்குகளின் நிரையாகக் கண்ணினாலும் காண முடிந்தது. நான்கு அடியும் சமமாக விழும் இந்நடை டிஸ்கோவிலும் உண்டு. ஆயின் அங்கே மேளகாரரின் கை அதனை வாசித்தது; கை சோரும், பாடலும் முடியும். இங்கே பொறி சோர்வறியாது. ஒரே தாளம் பத்து நிமிடம் ஓடினும் பிசகாது. தாளம் மாறாது நிற்க, அதன்மேல் ஓரொலியை ஏற்றுதல், ஓரொலியை நீக்குதல் என்பனவே அவ்விசையின் இலக்கணமாயின. கருவியிடம் இல்லாதவை பல; இருந்த சிலவற்றைக்கொண்டே ஓர் இலக்கணம் எழுந்தது.

1984இல் ஜெசி சோண்டர்ஸ் என்பவர், நாம் முன்னர்க் குறிப்பிட்ட வின்ஸ் லோறன்சோடு சேர்ந்து, ‘ஒன் அன்ட் ஒன்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டென்று பலரும் சுட்டுவது இதனையே. 808, 303 என்னும் இவ்விரு பெட்டிகளும் அதிற் பயன்பட்டன. அதனைக் கேட்ட ஏனை இளைஞருக்கு அஃது அளித்த பெருங்கொடை, ‘இதனை நாமும் செய்யலாம்’ என்னும் துணிவு.

அத்துணிவு பெற்றோருள் ஒருவர் மார்ஷல் ஜெபர்சன். தபாற்கந்தோர் ஊழியர், பியானோ வாசிக்க அறியாதவர். தம் உத்தியோகத்தின் பலத்தால் இசைக்கருவிகளைக் கடனில் வாங்கியபோது நண்பர்கள் அவரை எள்ளி நகைத்தனர். 1986இல் அவர் வெளியிட்ட ‘மூவ் யுவர் பொடி’ என்னும் பாடல் விரைந்தோடும் பியானோ இசையாற் புகழ்பெற்றது. அவ்விரைவின் மறைபொருள் யாதெனின், அவர் அதனை மிக மெதுவாக வாசித்துப் பதிந்து, பின்னர் வேகத்தைக் கூட்டினார் என்பதே. சாதாரண ஒலிநாடாவில் வேகத்தைக் கூட்டினாற் சுருதியும் உயர்ந்துவிடும். ஆயின் 1983இல் அறிமுகமான ‘மிடி’ என்னும் பொதுமுறை ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எத்துணை அழுத்தமாக அழுத்தப்பட்டது என்னும் கட்டளையை மட்டுமே பதிகின்றது. ஆதலின் சுருதி மாறாமல் வேகத்தை மாற்ற முடிந்தது. ககெஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று வகுத்த இம்முறை, ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு ஒரு சாதாரண வடத்தின்மூலம் பேச வழிசெய்தது. அதனைத் தமக்கே உரிமையாக்கிப் பூட்டி வைக்காது அனைவர்க்கும் திறந்துவிட்டமையாலேயே அது நிலைத்தது. அவ்விருவர்க்கும் 2013இல் இதற்கெனக் கிறாமி விருது வழங்கப்பட்டது.

பயிற்சியில்லாதோரே இவ்விசையை ஆக்கினர் என்று கொள்வதும் பிழையாகும். லறி ஹேர்ட் என்பவர் தேர்ந்த மேளகாரர். குழுவாக வாசித்தபோது தம் கருத்துக்கு இடங்கிடைக்காமையால் றோலண்டின் ‘யூனோ 60’ என்னும் கருவியை வாங்கித் தம் வீட்டிலிருந்தே இசையமைத்தார். 1986இல் வெளியான அவருடைய ‘கான் யூ பீல் இற்’ இன்றும் அவ்விசையின் செம்மைக்குச் சான்றாகப் போற்றப்படுகின்றது. நான்கு தடங்களில் தனித்தனியே பதியவல்ல ஒலிநாடாக் கருவியை டாஸ்காம் நிறுவனம் 1979இலேயே இல்லங்களுக்குக் கொண்டுவந்திருந்தது. அதற்கும் வசதியில்லாதோர், ஒரு நாடாவிற் பதிந்ததை ஒலிக்கச் செய்து, அதனோடு சேர்ந்து வாசித்து, மற்றொரு நாடாவிற் பதிந்தனர். ஒவ்வொரு பதிவிலும் இரைச்சல் கூடும். அவ்விரைச்சலையும் தன்னுள் ஏற்றுக்கொண்டே அவ்விசை வளர்ந்தது.

தோல்வியுற்ற 303 பெட்டியின் கதை இவற்றுள் வியத்தகுவது. டீ. ஜே. பியேர், ஏர்ல் ஸ்மித், ஹேபேட் ஜாக்சன் என்னும் மூவர் ‘பியூச்சர்’ என்னும் குழுவாகக் கூடியிருந்தனர். அவர்கள் கைக்கு வந்த அப்பெட்டியை ஓடவிட்டு, அதன் வடிகட்டியை ஆளும் திருகுகளை பியேர் இடைவிடாது திருப்பினார். பெட்டியைச் செய்தோர் ஒருமுறை அமைத்துவிட்டுத் தொடாது விடுவதற்கென வைத்த திருகுகள் அவை. இவர் அவற்றையே வாசிக்கும் கட்டைகளாக்கினார். ஒலி குழைந்தது, கீச்சிட்டது, நீர்க்குமிழிபோற் கொப்பளித்தது. கிற்றாரைப் போலச் செய்ய முயன்று தோற்ற கருவி, வேறெக்கருவியும் செய்யாத ஒன்றைச் செய்தது. அவர்கள் பதிந்த நாடாவை ‘மியூசிக் பொக்ஸ்’ என்னும் ஆடரங்கின் இசைத்தட்டாளர் றொன் ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்தார். முதன்முறை கூட்டம் விலகி நின்றது; நான்காம் முறை ஆரவாரித்து ஆடியது. 1987இல் ‘அசிட் ட்றாக்ஸ்’ என்னும் பெயரோடு பன்னிரண்டு நிமிட அளவில் அஃது இசைத்தட்டாயிற்று. ‘அசிட் ஹவுஸ்’ என்னும் ஒரு கிளையே அதனின்றும் தோன்றிப் பிரித்தானியா முழுவதும் பரவியது. அதே ஆண்டின் தொடக்கத்திலே சிக்காகோவின் ஸ்ரீவ் ஹேர்லி ஆக்கிய ‘ஜாக் யுவர் பொடி’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விடத்தில் நம் அண்டை நாட்டுச் செய்தி ஒன்றைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். ‘அசிட் ட்றாக்ஸ்’ வெளிவருதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், இதே 808, 303 பொறிகளைக் கொண்டு, பைரவ், யமன், மால்கௌன்ஸ் முதலிய பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 303 பெட்டியின் குழைந்து வழுக்கும் ஒலி இராகங்களின் கமகத்துக்கு இயைந்து நின்றது. ஆயின் அவ்விசைத்தட்டு விலைபோகாது மறைந்தது. 2010இல் மீளப் பதிப்பிக்கப்பட்ட பின்னரே உலகம் அதனைக் கேட்டு வியந்தது. 2015இல் அவர் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவருக்குப் புகழ் வந்தது. சிக்காகோ இளைஞர் அவரை அறியார். அவரும் அவர்களை அறியார். ஒரே கருவி, ஏறத்தாழ ஒரே ஒலி. ஓரிடத்தில் ஓர் இயக்கமே பிறந்தது, மற்றோரிடத்தில் ஓர் இசைத்தட்டு தனித்து நின்றது. வேறுபாடு எங்குள்ளது?

அவையில் உள்ளது என்பதே நம் கருத்து. சரண்ஜித் சிங்குக்குக் கருவி இருந்தது, திறமும் இருந்தது. ஆனால் ஒரு நாடாவை நான்கு முறை ஒலிக்கச் செய்து, விலகி நின்றோரை வரச்செய்யும் ஒரு றொன் ஹார்டி அவருக்கு இல்லை. வாரந்தோறும் புதியதை எதிர்நோக்கி வரும் கூட்டமும் இல்லை. மலிவான கருவி வாயிற்கதவைத் திறக்கும். உள்ளே வருவோனை இருத்திக் கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். கருவியின் விலையைப் பற்றி மட்டும் பேசி, அவையைப் பற்றிப் பேசாதிருப்போர் வரலாற்றின் பாதியையே சொல்கின்றனர்.

அம்மறுபாதியிலும் ஓர் இருண்ட பகுதி உண்டு. இசையை ஆக்கும் கருவி இளைஞர் கைக்கு வந்தது. ஆக்கிய இசையைத் தட்டாக அச்சிட்டு விற்கும் ஆலை அவர்கள் கைக்கு வரவில்லை. அத்துறையிற் பெயர்பெற்ற ட்றாக்ஸ் நிறுவனத்தை நடத்தியவர் தட்டு அச்சிடும் ஆலையொன்றையும் வைத்திருந்தார். பழைய தட்டுகளை உருக்கி அச்சிட்டமையால் அந்நிறுவனத்தின் தட்டுகள் இரைச்சலுக்கும் பெயர்பெற்றன. தமக்குரிய பங்கு தரப்படவில்லை என்று கலைஞர் பலர் நெடுங்காலம் முறையிட்டனர். லறி ஹேர்ட்டும் பாடகர் றொபேர்ட் ஓவன்சும் 2020இல் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2022இல் வழக்கு இணக்கமாக முடிந்து, தம் ஆக்கங்களின் உரிமையை அவர்கள் மீளப் பெற்றனர். பாடலுக்கும் உரிமைக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. கலைஞனைக் கருவி விடுவிக்கும். ஒப்பந்தம் அவனைக் கட்டும். எழுத்தாளர்க்கும் பதிப்பாளர்க்கும் இடையிலுள்ள உறவை அறிந்த நம் இலக்கிய வட்டத்தாருக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

இயந்திரம் தரும் இசையில் உணர்ச்சி எங்கே என்று வினவுவோருக்கும் ஒரு விடை கூறுதல் நம் கடன். யாழும் ஒரு காலத்தில் மனிதன் செய்த பொறியே. கருவியில் உணர்ச்சி இருப்பதில்லை. அதனைக் கொண்டு எதனைத் தேர்வது, எதனை விடுப்பது என்று துணியும் உள்ளத்தில் இருக்கின்றது. பதினாறு பொத்தான்களில் எதனை வெற்றாக விடுவது என்று தெரிந்தவன், மௌனத்தின் பொருளை அறிந்தவனே. அதே வேளையில், அப்பொறிகளைக் கொண்டு ஆக்கப்பட்டவை யாவும் சிறந்தவை என்றும் நாம் கூறவில்லை. எளிதாகச் செய்யக்கூடியதைப் பலர் செய்வர். பலர் செய்வதிற் சில மட்டுமே நிலைக்கும். செய்யுள் யாப்பு எல்லார்க்கும் பொது என்பதனால் எல்லாச் செய்யுளும் கவிதையாகிவிடுவதில்லை அன்றோ?

இன்று அப்பழைய பெட்டிகளின் விலை முதல் விலையினும் பன்மடங்கு உயர்ந்து, செல்வர்தம் சேகரிப்பாகிவிட்டது. எள்ளி நகைக்கப்பட்ட ஒலிகளை, கணினிச் செயலிகளாகவும் புதிய பொறிகளாகவும் பல நிறுவனங்கள் போட்டியிட்டுப் படியெடுக்கின்றன. ‘வெயர்ஹவுஸ்’ இருந்த கட்டடம் 2023இல் சிக்காகோ மாநகரத்தின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் மறைந்த நக்கிள்ஸ் அதனைக் காணவில்லை. மறுபுறத்தில், அன்று ஒரு 808 செய்ததனினும் பன்மடங்கு அதிகமானவற்றைச் செய்யவல்ல செயலிகள் மாணவர் கையிலுள்ள தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. விலை என்னும் தடை ஏறத்தாழ நீங்கிவிட்டது. எனினும் தடை நீங்கியதனாலேயே புதியது பிறந்துவிடாது. எல்லா ஒலியும் கிடைக்கும்போது எதனையும் தேராதிருப்பது எளிது. பிறர் அமைத்து வைத்ததையே எடுத்துக் கோப்பது அதனினும் எளிது. பியேர் கையில் இருந்தது ஒரே பெட்டி. ஆதலின் அதன் திருகு ஒவ்வொன்றையும் முடிவுவரை திருப்பிப் பார்த்தார்.

ஆசிரியர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. மாணவன் கையிலுள்ள எளிய கருவியை இகழாதீர். அவன் முறைநூலிற் கூறியவாறு அதனைப் பயன்படுத்தவில்லை என்று கடிந்து தடுப்பதற்கு முன், அவன் கேட்டது யாதென்று ஒருமுறை நீங்களும் கேளுங்கள். மாணவர்க்கு நாம் கூறுவது: கருவிகளைப் பெருக்காதீர், உள்ள ஒன்றன் ஆழத்தைக் காணுங்கள், ஆக்கியது எதுவாயினும் அதன் உரிமையை எழுத்தில் உறுதிசெய்யாது பிறர் கையிற் கொடாதீர். இலக்கியச் சங்கங்களுக்கும் இசைச் சபைகளுக்கும் நாம் கூறுவதோ சற்றுக் கடினமானது. முதன்முறை கேட்டபோது விலகி நின்ற கூட்டத்தாருக்கு நான்காம் முறையும் கேட்கும் வாய்ப்பை றொன் ஹார்டி அளித்தார். நம் அவைகளிற் புதியவன் ஒருவனுக்கு இரண்டாம் முறை கேட்கப்படும் வாய்ப்பேனும் உண்டா? கருவிகள் மலிந்துவிட்டன. கேட்கும் பொறுமையே இப்போது அருமையாகியுள்ளது. அதனை அளிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.